எழுபத்திரண்டு கைகள்! எவருடைய பெயர்?

லண்டனிலும், பாரிசிலும், பெய்சிங்கிலும், தைப்பேயிலும் உள்ள அருங்காட்சியகங்களிலே, கண்ணாடிப் பேழைக்குள் கொலுவிருக்கின்றன சீனத்துப் பீங்கான் தட்டுகள். பாலின் வெண்மை; அதன்மேல் நீலத்தால் தீட்டிய மலர்; மலரைத் தழுவி வளைந்தோடும் கொடி; சுண்டினால் மணியென ஒலிக்கும் உறுதி; விளக்கின் முன் பிடித்தால் ஒளி கசியும் மென்மை. பக்கத்திலே ஒரு சிறு சீட்டு. அதிலே பேரரசன் ஒருவனின் பெயர். 'சியென்லுங் தட்டு' என்று படிக்கின்றனர் காண வந்தோர், 'ஆகா!' என்கின்றனர், அடுத்த பேழைக்கு நகர்கின்றனர்.

யார் இந்தச் சியென்லுங்? 1735 முதல் 1796 வரை சீனத்தை ஆண்ட பேரரசன். கல்லை உடைத்தவனா? மண்ணைப் பிசைந்தவனா? சக்கரத்தைச் சுழற்றியவனா? தூரிகை பிடித்தவனா? சூளையின் வெம்மையிலே நின்றவனா? எதுவும் இல்லை. ஆணையிட்டான், வந்த தட்டிலே உண்டான். ஆயினும் பெயர் அவனுக்கு! உழைத்தவர் பெயர் எங்கே என்று கேட்டால், கண்ணாடிப் பேழையும் வாய் திறப்பதில்லை. கலை வரலாற்று ஏடுகளும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

இந்த அநீதி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காட்ட ஓர் அரிய சான்று இருக்கிறது. பீங்கான் செய்யும் தொழிலை அரண்மனை ஓவியர்கள் 20 படங்களாகத் தீட்டினர். 1743-ஆம் ஆண்டிலே பேரரசன் அப்படங்களை அரச சூளைக்கூடத்தின் அதிகாரியிடம் ஒப்புவித்து, அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதித் தருமாறு பணித்தான். அந்த அதிகாரியின் பெயர் தாங் யிங். அவர் எழுதிய விளக்கவுரையையே இன்று நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அழகுக் கலையைப் பற்றிய ஏடு அது. ஆயின் அதனைப் பாட்டாளியின் கண்கொண்டு படிப்பதே நமது நோக்கம்.

தாங் யிங்கைப் பற்றி முதலிலே நல்லதைச் சொல்லிவிடுவோம். 1682-இலே பிறந்தவர், அரண்மனையிலே பணி புரிந்து வளர்ந்தவர். 1728-இலே, தென்சீனத்தின் சியாங்சி மாநிலத்திலுள்ள பீங்கான் நகரமாம் சிங்தேசென்னுக்கு அனுப்பப்பட்டார். தொழிலின் அரிச்சுவடி அறியாதவர்தான். அறியாததை அறிந்ததுபோல் நடிக்கும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. தாங் யிங் அப்படி நடிக்கவில்லை. விருந்துகளையும் வீண் சந்திப்புகளையும் விலக்கிவிட்டு, மூன்று ஆண்டுகள் தொழிலாளரோடு உண்டு, அவர்களோடே உறங்கித் தொழிலைக் கற்றார். ஆகையினாலேதான் அவருடைய உரையிலே ஏட்டறிவின் நாற்றம் இல்லை. மண்ணின் மணம் இருக்கிறது. எதையும் அவர் தொலைவிலிருந்து பார்த்து எழுதவில்லை.

பீங்கான் என்பது வெறும் களிமண் அன்று. ஒருவகை வெண்களிமண்ணும், ஒருவகை வெண்கல்லின் பொடியும் கலந்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்திலே வெந்து, ஒன்றோடொன்று உருகிக் கலப்பதனாலே பிறப்பது. அந்த வெண்களிமண்ணை உலகம் முழுதும் 'கயோலின்' என்கிறார்கள். சிங்தேசென்னை அடுத்திருக்கும் காவோலிங் என்ற குன்றின் பெயரே அவ்வாறு திரிந்தது. குன்றுக்குக் கிடைத்த புகழ், அந்தக் குன்றைத் தோண்டியவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை!

ஒரு கிண்ணம் உருப்பெற எத்தனை பேர் உழைக்க வேண்டும்? 1637-இலே வெளிவந்த சீனத்துத் தொழில்நுட்ப நூல் ஒன்றிலே, சோங் யிங்சிங் என்ற அறிஞர் கணக்கிட்டுச் சொன்னார்: எழுபத்திரண்டு கைகள் மாறிய பின்னரே ஒரு கிண்ணம் கிண்ணமாகிறது, அதுவும் சில்லறை வேலைகளை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு! இனி அந்தக் கைகளுள் சிலவற்றைத் தாங் யிங்கின் உரைவழியே காண்போம்.

முதற்படம் கல் உடைப்பு. மலையிலே வெட்டிய கல்லை, ஆற்று நீரின் விசையால் இயங்கும் உலக்கைகள் இடித்துப் பொடியாக்குகின்றன. பொடியைக் கழுவி, வண்டலைத் திரட்டி, வெள்ளைச் செங்கற்களாக அடித்துச் சூளைநகருக்கு அனுப்புகின்றனர். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஓவியன் மலையையும் ஆற்றையும் மரங்களையும் அழகுற வரைந்திருப்பான். ஆனால், ஓவியத்திலே வரைய முடியாத ஒன்று உண்டு. கல்லின் நுண்தூசி. அத்தூசி நுரையீரலிலே படிந்து, ஆளை அணு அணுவாய்க் கொல்லும் நோய்க்கு மருத்துவ நூலார் இன்று சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டிருக்கின்றனர். அந்நாளிலே பெயரில்லை, இருமல் மட்டும் இருந்தது.

அடுத்து, வண்ணம் அரைக்கும் படம். இதனை இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தட்டிலே நாம் காணும் நீலம், கோபால்ட் என்ற கனிமத்திலிருந்து பெறப்படுவது. அது சற்றே பரபரப்பாக இருந்தாலும் தட்டிலே புள்ளி விழும், நிறம் மங்கும். ஆகவே, ஒரு கலுவத்துக்குப் பத்து சீன அவுன்சு வண்ணம் இட்டு, ஒரு மாத காலம் அரைக்க வேண்டும். தாழ்ந்த முக்காலி; அதன் தலைப்பிலே கலுவம்; மேலே நிறுத்திய பலகையிலே குழவியின் காம்பைக் கோத்திருப்பார்கள். அமர்ந்தபடியே அரைக்க வேண்டும். மாதம் முழுதும் அரைத்தால் கூலி என்ன? ஒரு தோலாவுக்குச் சற்றே குறைந்த வெள்ளி! இரண்டு கைகளாலும் இரண்டு கலுவங்களை அரைத்து, இரவு இரண்டாம் சாமம்வரை உழைப்போருக்கு அதுபோல் இருமடங்கு. முதியோர், சிறார், உடற்குறையுற்றோர் ஆகியோர் பலரும் இந்த வேலையைக் கொண்டே உயிர் பிழைக்கின்றனர் என்று எழுதுகிறார் தாங் யிங்.

அவருக்கு முன்னரே, 1712-இலே, அங்கு வாழ்ந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் நாட்டுக்கு எழுதிய மடலிலும் இச்செய்தி வருகிறது. கண்ணிழந்தோரும் இங்கே வண்ணம் அரைத்துப் பிழைக்கின்றனர் என்று அவர் வியந்தார். நமக்கு வியப்பில்லை, வேதனை. உலகமே கண்டு களிக்கும் நீலத்தை, தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காண முடியாதவர் அரைத்துத் தந்தார்! அதைக் கண்டவர்கள் 'ஊர் எல்லோருக்கும் வேலை தருகிறது' என்று மகிழ்ந்தனர்.

இனி, ஓவியம் தீட்டும் அறைக்கு வருவோம். நீல ஓவியத்தைச் சுடாத பச்சைக் கலத்தின்மீதே தீட்ட வேண்டும். காய்ந்த மண், மை உறிஞ்சும் தாள்போல வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தவறினால் அழிக்க இயலாது. தயங்கினால் கறை படியும். தீட்டும்போது தெரிவது நீலமும் அன்று. கரிய சாம்பல் நிறம். நெருப்பிலே வெந்த பிறகே நீலம் பிறக்கும். காணாத நிறத்தைக் கருத்திலே கண்டு தீட்டும் அந்தக் கைகளின் திறத்துக்கு ஈடு ஏது?

ஆனால் அந்த ஓவியரை ஓவியராக வாழ விட்டார்களா? இங்கேதான் தாங் யிங்கின் உரை ஓர் உண்மையை உடைத்துச் சொல்கிறது. ஒரே வகைத் தட்டு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எனவே, கோடு வரைவோர் கோடு வரையவே கற்பர். வண்ணம் நிரப்பக் கற்கமாட்டார். வண்ணம் நிரப்புவோர் நிரப்பவே கற்பர். கோடு வரையக் கற்கமாட்டார். இப்படிச் செய்வதனாலே கை ஒருமைப்படும், மனம் சிதறாது என்பது அவர் தரும் விளக்கம். விளிம்பிலே வளையம் இடுவது சக்கரத்தில் கலத்தைச் செதுக்குபவர் வேலை. தட்டின் அடியிலே முத்திரை எழுத்து எழுதுவதற்கோ தனியாக ஒருவர்!

அந்த முத்திரை எழுத்து எது? 'மாபெரும் சிங் அரசின் சியென்லுங் ஆட்சியிலே செய்யப்பட்டது' எனப் பொருள்படும் ஆறு சீன எழுத்துகள். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒருவர் காலையிலே வருகிறார், அமர்கிறார், தூரிகையை எடுக்கிறார், தட்டைக் கவிழ்த்து அரசன் பெயரை எழுதுகிறார். அடுத்த தட்டு, அதே பெயர். நாளும் அதே பெயர். ஆண்டு முழுதும் அதே பெயர். ஆயிரமாயிரம் முறை அரசன் பெயரை எழுதிய அந்தக் கை, தன் பெயரை ஒருமுறையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது குற்றமாகியிருக்கும்!

'பிரித்துச் செய்வதிலே பிழை என்ன? ஆயிரம் தட்டு ஒன்றுபோல் வேண்டுமானால் வேறு வழி உண்டா? திறமை பெருகியதும் அதனாலே அன்றோ?' என்று கேட்பார் உளர். கேள்வியிலே உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. இந்த ஏடு உங்கள் கைக்கு வந்து சேர்வதும் பல கைகள் கூடியதனாலேதான். எழுதுவோர் ஒருவர், அச்சேற்றுவோர் ஒருவர், தைப்போர் ஒருவர், தோளிலே சுமந்து ஊர் ஊராய்க் கொடுப்போர் ஒருவர். வேலையைப் பங்கிட்டுக் கொள்வது மனிதன் கண்ட நல்ல வழிகளுள் ஒன்று. நாம் கடிவது வேறொன்றை. கோடு வரைபவர் வண்ணம் நிரப்பக் 'கற்கக்கூடாது' என்ற தடை இருக்கிறதே, அதைக் கடிகிறோம். பங்கிடப்பட்டது வேலை மட்டுமா? அறிவும் பங்கிடப்பட்டது. எழுபத்திரண்டு பேரிடம் எழுபத்திரண்டு துண்டு அறிவு. முழு அறிவும் முழு உரிமையும் மேலே அமர்ந்திருந்த ஒருவனிடம். 'மனம் சிதறாது' என்கிறார் தாங் யிங். மனம் வளராது என்றும் சேர்த்து எழுதியிருந்தால் உரை நிறைவு பெற்றிருக்கும்.

மெருகு ஏற்றும் படத்தைக் காண்போம். சாண் நீளமுள்ள மூங்கிற்குழாயின் வாயை மெல்லிய துணியால் மூடி, மெருகுக் குழம்பிலே தோய்த்து, வாயால் ஊதிக் கலத்தின்மேல் பூசுகின்றனர். மூன்று நான்கு முறை ஊதுவதும் உண்டு. பதினேழு பதினெட்டு முறை ஊதுவதும் உண்டு. கண்ணாடிபோல் மின்னுகிறதே அந்த மினுக்கம், அது ஒரு மனிதன் விட்ட மூச்சு!

பிறகு சூளை. மூன்று நாள் எரிகிறது. நான்காம் நாள் விடியற்காலையிலே சூளையைத் திறக்கின்றனர். பாண்டங்களைப் பொதிந்து வைத்த மண்ணுறைகள் அப்போதும் செந்நீலமாய்க் கனன்றுகொண்டிருக்கின்றன. எவரும் நெருங்க இயலாது. ஆயினும் ஒருவர் நெருங்கித்தான் ஆகவேண்டும். பத்துக்கு மேற்பட்ட மடிப்புகள் கொண்ட துணிக் கையுறையைக் குளிர்நீரிலே நனைத்து மாட்டிக்கொள்கின்றனர். தலை, முகம், தோள், முதுகு எங்கும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கனலுக்குள்ளே புகுந்து பாண்டங்களை எடுத்து வருகின்றனர். சூடு ஆறும்வரை காத்திருக்கலாகாதா? கூடாது! சூடு தணியுமுன் அடுத்த சுமையைச் சூளைக்குள் அடுக்க வேண்டும். விறகு மிச்சம்; நேரம் மிச்சம். மனிதத் தோலை மட்டும் எவரும் கணக்கிலே சேர்க்கவில்லை.

இத்தனையும் கடந்து வெளிவந்த தட்டிலே சிறு குறை இருந்தால்? மிங் அரசின் தொடக்க காலத்திலே, அரசனுக்கெனச் செய்து குறைபட்ட கலங்களை உடைத்துப் புதைத்தனர். அரசன் உண்ணத் தகாதது, ஆண்டி உண்ணவும் கூடாதாம்! 1980-களிலே சிங்தேசென்னின் பழைய அரச சூளைக்கூட நிலத்தை அகழ்ந்தபோது, அந்தச் சில்லுகள் குவியல் குவியலாய் வெளிப்பட்டன. இன்று அவற்றைப் பொறுக்கி ஒட்டி அருங்காட்சியகத்திலே வைத்திருக்கின்றனர். உடைத்த ஆணையும் அரசனுடையது. ஒட்டிய பின் எழுதிய சீட்டிலும் அரசனின் பெயரே!

இந்தப் பொருளின்மீது கொண்ட மோகம் சீனத்து அரண்மனையோடு நிற்கவில்லை. கலங்கள் கடல் கடந்தன. நம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில், 1980-களிலே நடந்த அகழாய்விலும் பழஞ்சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பிய அரசர்களோ வெறிகொண்டு வாங்கினர். 1717-இலே செருமானிய நாட்டுச் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், அண்டை நாடான புருசியாவின் அரசனிடமிருந்து 151 சீனப் பீங்கான்களைப் பெற்றான். விலை என்ன? பொன்னா, வெள்ளியா? 600 குதிரைப்படை வீரர்கள்! ஆட்களைக் கொடுத்துச் சாடிகளை வாங்கினான். அந்தச் சாடிகளுக்கு 'வீரர் சாடிகள்' என்ற பெயர் நிலைத்தது. அந்த 600 பேரின் பெயர் எவர் நாவிலும் இல்லை. சூளைக்குள் இருந்தவருக்கும் சூளைக்கு வெளியே இருந்தவருக்கும் ஒரே நீதிதான்.

இனி இருபதாம் படம். கடைசிப் படம். உரையின் உயிர்நிலையே அதிலேதான் இருக்கிறது. பத்தொன்பது படங்களிலே உழைப்பு, இருபதாவதிலே வழிபாடு! சூளை நன்றாய் வேக வேண்டித் தொழிலாளர் தெய்வத்துக்குப் படையலிடுகின்றனர். எந்தத் தெய்வம்? அவர்களைப் போலவே அதே ஊரிலே சூளைத்தொழில் செய்து வாழ்ந்த ஒருவன். தோங் என்பது குடிப்பெயர். தோங் பின் என்பது முழுப்பெயர்.

மிங் பேரரசன் வான்லியின் காலம். அரண்மனைக்கு நாகம் தீட்டிய மாபெரும் தொட்டிகள் வேண்டுமென்று ஆணை. அளவு பெரிது, சுவர் தடித்தது, சூளையிலே வெடித்தது, கோணியது, விரிந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் தொட்டி உருவாகவில்லை. மேற்பார்க்க வந்த அரண்மனை அலுவலன் பான் சியாங் கொடுமை செய்தான், தொழிலாளர் வதைபட்டனர். 1599-இலே தோங் பின் எரியும் சூளைக்குள் பாய்ந்து மாண்டான் என்பது அவ்வூர் வழக்கு. அவன் பாய்ந்தான், தொட்டி பக்குவமாய் வெந்தது, அதிகாரிகள் இரங்கினர், வியந்தனர், சூளைக்கூடத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினர், 'காற்றும் கனலும் ஆளும் தேவன்' என்று பட்டம் சூட்டினர். தாங் யிங்கின் உரை இவ்வளவோடு முடிகிறது.

நாம் கேட்கிறோம்: ஒரு மனித உடல் வெந்ததனாலே மண் தொட்டி வேகுமா? சுவர் சீராயிருந்தால் வேகும். ஈரம் முழுதும் உலர்ந்திருந்தால் வேகும். வெப்பம் எல்லாப் பக்கமும் ஒத்துப் பரவினால் வேகும். எலும்புக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. இந்த அற்புதக் கதையினாலே ஆதாயம் யாருக்கு? தொட்டி வெந்துவிட்டது என்று சொன்னவுடனே, ஆணையிட்டவன் குற்றம் மறைந்துவிடுகிறது! அரசன் கேட்டது நடக்கக்கூடியதே, தொழிலாளியின் தியாகம்தான் குறைவாயிருந்தது என்றல்லவா கதை சொல்கிறது? கொலைக்குப் பரிகாரம் கோயில். கூலிக்குப் பதில் கும்பிடு! பலியானவனுக்குப் பொங்கலிட்டுப் பலியிட்டவனை மறக்கும் வழக்கம் நம் நாட்டாருக்கும் புதிதன்று.

இன்னொன்றையும் இருபதாம் படம் மறைக்கிறது. மிங் அரசின் வரலாற்றைத் தொகுத்த நூலே ஒரு செய்தியைச் சொல்கிறது. பான் சியாங்கின் கொடுமை பொறாது சிங்தேசென் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; சூளைக்கூடத்துக் கட்டடங்களைக் கொளுத்தினர்! தொட்டியை வேகவைத்த நெருப்பைப் படத்திலே காட்டிய அரண்மனை, கூடத்தைக் கொளுத்திய நெருப்பைக் காட்டவில்லை. காட்டுமா? வணங்குகிற தொழிலாளி படத்துக்கு ஏற்றவன். எதிர்த்த தொழிலாளிக்கு இருபதிலே ஓரிடமும் இல்லை.

தாங் யிங்கும் இதற்கு உடந்தையா? அவரை ஒரே சொல்லால் தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த நாகத் தொட்டி ஒன்றைக் கண்டெடுத்து, தோங் பின் கோயிலருகே மேடையமைத்து நிறுத்தியவர் அவரே. அந்தத் தொட்டியைப் பற்றி எழுதியபோது, அதன் பளபளப்பிலே அத்தொழிலாளியின் குருதியையும் தசையையும் கண்டதாக எழுதினார். கண்டார்; உண்மை. கண்டபின் என்ன செய்தார்? மேடை கட்டினார். கூலியை உயர்த்தும்படி அரசனுக்கு எழுதினாரா, தடைகளைத் தளர்த்தினாரா என்று தேடினால், இருபது விளக்கங்களிலே அதற்கு ஒரு வரியும் இல்லை. நல்லவர், அவர் அமர்ந்திருந்த நாற்காலியோ அரசனுடையது. தனிமனிதரின் இரக்கம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே வந்து நின்றுவிடும் என்பதற்கு அவருடைய உரையே அளவுகோல். இருபது படங்களிலும் பெயர் சொல்லப்படும் பாட்டாளி ஒரே ஒருவன். அந்தப் பெயரைப் பெற அவன் சாக வேண்டியிருந்தது!

ஆகவே பீங்கானை உடைப்போமா? அழகை வெறுப்போமா? அது அறிவுடையோர் செயலாகாது. அந்த நீலக் கோட்டின் நெளிவிலே மனிதக் கையின் மாண்பு இருக்கிறது. அதை இகழ்வது அரசனை இகழ்வதாகாது; அரைத்தவரையும் வரைந்தவரையும் ஊதியவரையும் இகழ்வதாகும். அழகை முழுமையாய்ப் போற்ற வேண்டுமானால் அந்தக் கைகளையும் சேர்த்தே போற்ற வேண்டும். கலைத்திறனாய்வு என்று பெயர் சூடிக்கொண்டு, நிறத்தையும் வடிவத்தையும் ஆட்சியாண்டையும் மட்டும் பேசுவோர், தட்டின் பாதியைத்தான் பார்க்கின்றனர்.

இன்று பெரும்பாலான தட்டுகளிலே பூவைக் கை தீட்டுவதில்லை. அச்சிட்ட மெல்லிய படலத்தை ஒட்டிச் சுடுகின்றனர். அதனை ஒட்டுவதும் ஒரு கைதான். மண்தூசியைச் சுவாசிப்பதும் ஒரு நெஞ்சுதான். அரசன் பெயர் இருந்த இடத்திலே இப்போது ஆலையின் பெயர் இருக்கிறது; அவ்வளவே மாற்றம்.

பள்ளியிலே பாடம் சொல்லும் நாம், மாணவர்க்கு இந்தப் பயிற்சியைத் தரலாம் என்று எண்ணுகிறோம். அழகிய பொருள் எதைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வோம். செய்தவர் யார்? அவர் பெற்றது என்ன? அவர் பெயர் ஏன் இங்கே இல்லை? இம்மூன்றுக்கும் விடை தேடும் பிள்ளை, ஆட்சியாண்டுகளை ஒப்பிக்கும் பிள்ளையைவிட வரலாற்றை நன்கு அறியும். இளைஞர்களே, நீங்களும் கேளுங்கள். அருங்காட்சியகத்திலே கேளுங்கள், கடைத்தெருவிலே கேளுங்கள், விருந்திலே தட்டு உங்கள் முன் வரும்போதும் கேளுங்கள். எழுபத்திரண்டு பேரின் பெயரும் இனி நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அவர்கள் இருந்தனர் என்பதையாவது அந்தச் சீட்டிலே எழுதச் செய்வோம்.